மூச்சு முட்டினால் எல்லாம் ‘கேஸ்ட்ரிக்’ தானா?

எமது பகுதியில் ‘கேஸ்ட்ரிக்’ என்ற சொல்லுக்கு இருக்கும் வேலை வேறெந்த நோய்ப் பெயருக்கும் இல்லை. நெஞ்சு எரிந்தால் கேஸ்ட்ரிக். வயிறு ஊதினால் கேஸ்ட்ரிக். முதுகுக்குள் பிடித்தால், தலை சுற்றினால், நடு இரவில் மூச்சு அடைத்து எழும்பி உட்கார்ந்தால் அதுவும் கேஸ்ட்ரிக். பெரியநீலாவணையிலிருந்து மருதமுனை, கல்முனை வரை எந்த மருந்துக்கடையிலும் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். “கேஸ்ட்ரிக்குக்கு ஒரு கார்ட் தாங்க” என்று கேட்டு ஒருவராவது வருவார். கடைக்காரரும் வேறு எதுவும் கேட்காமல் எடுத்துக் கொடுப்பார்.

இவற்றுள் மூச்சு முட்டுவதைப் பற்றி மட்டும் இங்கே எழுத விரும்புகிறேன். வயிற்று அமிலம் மேலேறுவதால் மூச்சுத் திணறல் வரும் என்பது கட்டுக்கதையல்ல. நானே சில வருடங்களாக அதனுடன்தான் வாழ்கிறேன். ஆனால் அதே சொல்லை நம்பி மாரடைப்பை வீட்டுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த குடும்பங்களையும் எனக்குத் தெரியும். இரண்டும் ஒரே கதவால்தான் வருகின்றன. நான் வைத்தியரல்லன், ஆசிரியன். எனவே மருந்து சொல்வது எனது வேலையல்ல. எனக்கு வைத்தியர்கள் விளக்கியதையும், நான் வாசித்து விளங்கிக்கொண்டதையும், இரவுகளைக் கழிக்கப் பழகிக்கொண்ட விதத்தையும் எழுதுகிறேன்.

முதலில், வயிற்றுக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம்? இரைப்பையில் சுரக்கும் அமிலம் மிகக் கடுமையானது. அதைத் தாங்குவதற்கு இரைப்பையின் உட்சுவருக்குப் பாதுகாப்புப் படலம் இருக்கிறது. உணவுக் குழாய்க்கு அப்படியொன்று இல்லை. உணவுக் குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. நாம் விழுங்கும்போது திறந்து, பிறகு இறுகி மூடிக்கொள்வது அதன் வேலை. அந்த வளையம் தளர்ந்தால், அல்லது வயிற்றுக்குள் அழுத்தம் கூடினால், அமிலம் மேலே வருகிறது. அது மேலே வந்ததும் நெஞ்சு எரிகிறது, புளித்த ஏப்பம் வருகிறது. இது எல்லோருக்கும் தெரிந்த பகுதி.

தெரியாத பகுதி இனித்தான். உணவுக் குழாயும் மூச்சுக் குழாயும் தொண்டையில் அடுத்தடுத்த வாசல்கள். படுத்திருக்கும்போது தொண்டை வரை ஏறும் அமிலத்தில் ஒரு துளி தவறி மூச்சுக் குழாயின் பக்கம் போனாலே இருமல், குரல் கரகரப்பு, அடைப்பு எல்லாம் வரும். அமிலம் அவ்வளவு தூரம் ஏறவே தேவையில்லை என்பதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் என்ற நரம்பின் கிளைகள் உணவுக் குழாய்க்கும் போகின்றன, சுவாசக் குழாய்களுக்கும் போகின்றன. உணவுக் குழாயின் அடிப்பகுதியில் அமிலம் பட்டால் போதும், அந்த நரம்பின் வழியாகச் செய்தி போய்ச் சுவாசக் குழாய்கள் சுருங்கக்கூடும். அதாவது நெஞ்சு எரியாமலே மூச்சு இறுகலாம். இதோடு நிரம்பிய வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளி, நுரையீரல் விரிய இடம் கொடுக்காமல் செய்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வகுப்பில் நாள் முழுக்கப் பேசும் எங்களைப் போன்றவர்களுக்கு இது வேறு வடிவத்தில் வரும். காலையில் குரல் கட்டியிருக்கும். தொண்டையில் ஏதோ உருண்டை நிற்பதுபோல இருக்கும், செருமிக்கொண்டே இருக்கத் தோன்றும். நான்காம் பாடம் ஆகும்போது ஒரு வசனத்தை முடிக்க மூச்சுப் போதாது. சோக்குத் தூசி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சில வேளை அதுவும்தான்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் கெய்ரோவில் வாழ்ந்த யூத வைத்தியர் மூஸா இப்னு மைமூன், முட்டு வருத்தத்தைப் பற்றி அரபு மொழியில் ஒரு தனி நூலே எழுதினார். அதில் பெரும்பகுதி என்ன சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பற்றியது. நவீன மருத்துவத்தில் வில்லியம் ஒஸ்லர் 1892இல் முதன்முதலாக வெளியிட்ட பிரபலமான பாடநூலும் நிறைந்த வயிறு ஆஸ்துமாவைக் கிளப்பும் என்று சொல்கிறது. அதற்கெல்லாம் முன்பே நபி (ஸல்) அவர்கள், வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கைப் பானத்துக்கும், ஒரு பங்கை மூச்சுக்கும் விடுமாறு வழிகாட்டியிருக்கிறார்கள். மிக்தாம் இப்னு மஃதீகரிப் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் திர்மிதியில் இருக்கிறது. ஜும்ஆ பயான்களில் பல தடவை கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டு வெளியே வந்து வலீமா சாப்பாட்டில் ஆறு பேர் ஒரு சஹனைச் சுற்றி உட்கார்ந்தால், மூச்சுக்குரிய பங்கையும் சேர்த்தே நிரப்பிவிடுகிறோம்.

இனி முக்கியமான விடயத்துக்கு வருகிறேன்.

எனது உறவினர் ஒருவர், ஐம்பது தாண்டியவர், நீண்ட காலமாகச் சீனி வருத்தம் உள்ளவர். ஒரு கலியாண வீட்டில் சாப்பிட்டு வந்த இரவு அவருக்கு நெஞ்சுக்குள் ஓர் இறுக்கம், மூச்சு வாங்கல், கொஞ்சம் வியர்வை. வீட்டிலிருந்த எல்லோரும் கேஸ்ட்ரிக் என்றார்கள். இஞ்சித் தேத்தண்ணி கொடுத்தார்கள். பிறகு சோடா. இரண்டு ஏப்பம் வந்தது. “இப்ப கொஞ்சம் லேசு” என்று அவரும் சொன்னார். ஸுபஹுக்கு முன்னர் மௌத்தாகிவிட்டார். அந்த வீட்டாரை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் செய்ததைத்தான் எங்கள் ஊரில் பத்தில் எட்டு வீட்டில் செய்வார்கள்.

இதில் விளங்கிக்கொள்ள வேண்டிய சில விடயங்கள் உண்டு. மாரடைப்பிலும் வயிறு உப்புவது போல, எரிவது போல, ஏப்பம் வந்தால் சரியாகிவிடும் போல இருக்கும். ஜெலுசில் குடித்தோ ஏப்பம் விட்டோ லேசாகிவிட்டது என்பது இதயத்தில் பிரச்சினை இல்லை என்பதற்கு அத்தாட்சி அல்ல. நீண்ட காலம் சீனி உள்ளவர்களுக்கு நரம்புகள் மந்தமாகியிருப்பதால், மாரடைப்பு நெஞ்சு வலியே இல்லாமல் மூச்சு வாங்கலாகவும் களைப்பாகவும் மட்டும் வரலாம். பெண்களுக்கும் வயது போனவர்களுக்கும் இப்படி வருவது உண்டு. சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல், சிகரெட் ஆகியவற்றில் ஒன்றாவது இல்லாத வீடு எமது பகுதியில் எத்தனை?

பொதுவாக, அமிலத்தால் வரும் மூச்சு முட்டல் சாப்பிட்ட பின்னர், குனியும்போது, படுக்கும்போது கூடும். நடக்கும்போது, படியேறும்போது, சைக்கிள் மிதிக்கும்போது வந்து, நின்றால் குறைகிற மூச்சு வாங்கலை இதயத்தின் அல்லது நுரையீரலின் பிரச்சினையாகவே முதலில் கருத வேண்டும். ஆனால் இந்த விதியிலும் ஒரு பொறி இருக்கிறது. இதயம் பலவீனமானவர்களுக்கும் மட்டமாகப் படுத்தால்தான் மூச்சு முட்டும். அவர்களும் நடு இரவில் எழும்பி உட்காருவார்கள், இரண்டு மூன்று தலையணை வைத்துத்தான் உறங்குவார்கள். கால் வீக்கம் இருக்கிறதா, சிறிது தூரம் நடந்தாலே களைக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வீட்டில் இருந்துகொண்டு இதைப் பிரித்தறிய முடியாது. பிரித்தறிய முயலவும் கூடாது.

திடீரென வரும் மூச்சு முட்டலோடு நெஞ்சு இறுக்கம், குளிர்ந்த வியர்வை, கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, மயக்கம் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் தேத்தண்ணி போடப் போகாமல் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். பெரியநீலாவணையிலிருந்து பார்த்தால் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் ஒரே பிரதான வீதியில்தான் இருக்கின்றன. ஈ.சி.ஜி. எடுக்கச் சில நிமிடம்தான் செல்லும். முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் வைத்தியர் மறித்து வைத்து, இரத்தத்தில் ட்ரொபோனின் பார்த்து, மறுபடி ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்றால் “ஒண்டுமில்லையாம்” என்று கையெழுத்து வைத்துவிட்டு வராதீர்கள். மாரடைப்பு ஆரம்பத்தில் ஈ.சி.ஜி.யில் தெரியாமல் இருப்பதுண்டு. கேஸ்ட்ரிக் என்று தெரிந்து வெட்கப்பட்டுத் திரும்பி வருவதில் ஒரு நட்டமும் இல்லை.

இதயம் சரி என்று தெரிந்த பிறகும் வேறு கேள்விகள் மீதமிருக்கும். இரத்தச் சோகை, தைரொயிட், ஆஸ்துமா, காசநோய் எல்லாமே மூச்சு வாங்க வைக்கும். விறகடுப்புப் புகைக்குள் வருடக்கணக்காக நின்ற தாய்மாரையும், மருதமுனையில் தறியோடும் நூல் தூசியோடும் வாழ்பவர்களையும் இந்த இடத்தில் மறந்துவிடக் கூடாது.

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு விடயம் கொஞ்சம் சிக்கலானது. அமிலம் மேலேறினால் முட்டு கூடும். முட்டு கூடி இழுத்து இழுத்து மூச்சு விடும்போது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலான அழுத்தம் மாறி அமிலம் இன்னும் மேலேறும். முட்டுக்காக எமது நாட்டில் அதிகம் பாவிக்கப்படும் தியோபிலின் வில்லைகள் அந்தத் தசை வளையத்தைத் தளர்த்தும் தன்மை கொண்டவை. பிரஷருக்குக் கொடுக்கப்படும் நிபெடிபின் போன்ற சில மருந்துகளும் அப்படித்தான். இதை வாசித்துவிட்டு யாரும் மருந்தை நிறுத்திவிட வேண்டாம். அடுத்த கிளினிக்கில் கொப்பியைக் காட்டி, “எனக்கு நெஞ்செரிவும் இருக்கு, இந்த மருந்து ஒத்துக்கொள்ளுமா?” என்று கேட்டால் போதும். அநேகமாக மாற்று வழி இருக்கும்.

மறுபக்கமும் ஒன்று உண்டு. ஆஸ்துமா எல்லாமே வயிற்றால்தான் என்று நினைத்து அமில மாத்திரையை மட்டும் நம்புபவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆஸ்துமா சரியாகக் கட்டுப்படாத, ஆனால் நெஞ்செரிவு பெரிதாக இல்லாத 412 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்கு எசோமெப்ரசோல் மாத்திரையும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் 24 வாரங்கள் கொடுக்கப்பட்டன. 2009இல் முடிவு வெளிவந்தது. இரு பகுதியினருக்கும் ஆஸ்துமாவில் வித்தியாசம் இருக்கவில்லை. ஆகவே நெஞ்செரிவு, புளித்த ஏப்பம் இல்லாதவர் முட்டுக்காக ஒமெப்ரசோல் விழுங்குவதில் பலன் எதிர்பார்க்க முடியாது. இன்ஹேலரைக் கைவிட்டுவிட்டு அதை விழுங்குவது ஆபத்தும்கூட.

அந்த ஒமெப்ரசோல் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எமது வீடுகளில் பெனடோலுக்கு அடுத்ததாக அதிகம் இருக்கும் மாத்திரை இதுவாகத்தான் இருக்கும். ஆனால் சரியாகக் குடிப்பவர்கள் குறைவு. சாப்பிட்டு முடித்து, நெஞ்சு எரியத் தொடங்கிய பிறகு இதை விழுங்குகிறார்கள். அமிலத்தைச் சுரக்கும் உறுப்புகள் உணவு வரும்போதுதான் வேலையைத் தொடங்குகின்றன. அவை தொடங்கும் நேரத்தில் மருந்து இரத்தத்தில் இருந்தால்தான் தடுக்கும். எனவே சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்னர் குடிக்க வேண்டும். நெஞ்செரிவு ஒரு வாரத்துக்குள் குறையலாம். தொண்டைக்கும் மூச்சுக்கும் இரண்டு மூன்று மாதங்கள் கூடச் செல்லும். அவசரப்பட்டுப் பலனில்லை என்று விடக்கூடாது. அதேபோல் நீண்ட நாள் குடித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்னரைவிடக் கூடுதலாகச் சுரந்து, “மருந்து இல்லாம இருக்கவே ஏலாது” என்ற எண்ணத்தை உண்டாக்கும். வைத்தியரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். விழுங்குவதில் தடை, காரணமின்றி மெலிதல், இரத்த வாந்தி, கறுப்பு நிற மலம் ஆகியவை இருந்தால் மாத்திரையோடு நாள் கடத்தாமல் கெமரா விட்டுப் பார்க்க வேண்டும். மற்றவர்களுக்குக் கெமராவில் ஒன்றும் தெரியவில்லை என்றால் நோயே இல்லை என்று அர்த்தமில்லை. அமிலம் மேலேறும் பலருக்கும் உணவுக் குழாயில் புண் இருப்பதில்லை.

எனக்கு அதிகம் உதவியது மருந்தைவிட இரவை மாற்றியதுதான். எமது ஊர்களில் இரவுச் சாப்பாடு நேரம் பிந்தியது. இஷாவுக்குப் பிறகு கடைத்தெரு, பிறகு கொத்து, பரோட்டா, பத்தரை பதினொன்றுக்கு வீடு, உடனே படுக்கை. இரைப்பை காலியாக இரண்டு மூன்று மணி நேரம் தேவை. நான் இப்போது மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் சாப்பிட்டு முடித்துவிடுகிறேன், அதுவும் பகல் சாப்பாட்டின் பாதியளவு. ஆரம்பத்தில் வீட்டில் கொஞ்சம் சிரமம் இருந்தது. தனியாக எனக்கு மட்டும் பிட்டு அவிப்பதா என்ற பேச்சும் வந்தது. பிறகு எல்லோருமே நேரத்துக்குச் சாப்பிடப் பழகிவிட்டார்கள்.

இரண்டாவது, கட்டில். தலைமாட்டுக் கால்கள் இரண்டின் கீழும் ஆறு அங்குலம் முதல் எட்டு அங்குலம் வரை கட்டை வைத்து உயர்த்த வேண்டும். தலையணையை அடுக்குவது இதற்கு ஈடாகாது. தலையணை கழுத்தையும் இடுப்பையும் மடித்து வயிற்றை இன்னும் நெருக்கும். உடம்பு முழுவதும் சரிவாக இருந்தால்தான் அமிலம் கீழே நிற்கும். பாயில் படுப்பவர்கள் சரிவாக வெட்டிய கெட்டி ஸ்பொஞ்ச் மெத்தையை முதுகுக்கும் சேர்த்து வைக்கலாம்.

மூன்றாவது, படுக்கும் பக்கம். இரைப்பையின் அமைப்பால், இடப்பக்கம் சரிந்து படுக்கும்போது அமிலம் தசை வளையத்துக்குக் கீழே தங்குகிறது. வலப்பக்கம் படுத்தால் அது வாசலை நோக்கி வருகிறது. ஆய்வுகளும் இதை உறுதிசெய்கின்றன. ஆனால் வலப்பக்கம் சரிந்து படுப்பது நபிவழியல்லவா என்று பலருக்கும் மனம் உறுத்தும். எனக்கும் உறுத்தியது. மௌலவி ஒருவரிடம் கேட்டேன். வலப்பக்கம் படுத்துத் துஆக்களை ஓதி, பிறகு நோயின் காரணமாக இடப்பக்கம் திரும்பிக்கொள்வதில் குற்றமில்லை என்றார். நானும் அப்படித்தான் செய்கிறேன். ஐயமிருப்பவர்கள் தாம் நம்பும் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம்.

மற்றவை சின்னச் சின்ன விடயங்கள். சாறனை வயிற்றில் இறுக்கி அதற்கு மேல் அகலப் பெல்ட்டும் கட்டுவதை நிறுத்துங்கள். தொப்பை இருந்தால் சில கிலோ குறைந்தாலே வித்தியாசம் தெரியும். சிகரெட்டைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. எண்ணெய்ப் பலகாரம், கடும் தேத்தண்ணி, சோடா, சொக்லட், மின்ட் டொபி இவற்றுள் எது தனக்கு ஒத்துக்கொள்வதில்லை என்பதை ஒவ்வொருவரும் எழுதிவைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். எனக்குப் பால் தேத்தண்ணி ஒன்றும் செய்வதில்லை, பிளேன்டீ வெறும் வயிற்றில் ஆகாது. வட்ஸ்அப்பில் வரும் அப்பிள் வினாகிரி, அப்பச்சோடா வைத்தியங்களை விட்டுவிடுங்கள். முன்னதே அமிலம், பின்னதில் பிரஷர்காரருக்கு ஆகாத உப்பு.

வைத்தியர் பார்த்து இது அமிலத்தால்தான் என்று உறுதிசெய்த பிறகு, மூச்சு முட்டும் நேரத்தில் பயம்தான் அடுத்த எதிரி. பயந்து வேகமாக மூச்சை இழுக்கும்போது காற்றையும் விழுங்குகிறோம். வயிறு ஊதுகிறது, ஏப்பத்தோடு அமிலமும் வருகிறது. நேராக உட்கார்ந்து, உடுப்பைத் தளர்த்தி, மூக்கால் மெதுவாக இழுத்து, உதட்டைக் குவித்து அதைவிட மெதுவாக விடுங்கள். நெஞ்சு உயராமல் வயிறு உயர வேண்டும். இப்படி மூச்சு விடுவதை நாளாந்தம் பழகினால் உதரவிதானம் பலப்பட்டு நெஞ்செரிவும் குறைவதாகச் சிறிய ஆய்வுகள் சில காட்டியுள்ளன. நான் திக்ரோடு சேர்த்துச் செய்கிறேன். எண்ணிக்கை தானாக வந்துவிடுகிறது. பதினைந்து நிமிடத்தில் குறையாவிட்டால், அல்லது வழமையைவிட வேறு மாதிரி இருந்தால், அது அமிலம் என்று முன்னர் சொன்னதை மறந்துவிட்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

நோன்பு காலம் தனிக்கதை. பகல் முழுவதும் காலியாக இருந்த வயிற்றில் கஞ்சி, சமோசா, ரோல்ஸ், கட்லட், சர்பத் என்று கால் மணி நேரத்துக்குள் இறக்குகிறோம். பிறகு ஒரு மணி நேரத்தில் தராவீஹ். நிரம்பிய வயிற்றோடு ருகூஃவும் ஸுஜூதும் செய்யும்போது அமிலம் மேலேறாமல் என்ன செய்யும்? பள்ளியில் இமாமின் ஓதலுக்கு நடுவே கேட்கும் செருமலில் பாதி இதுதான் என்பது எனது எண்ணம். நான் கடைப்பிடிக்கும் ஒழுங்கு இது: பேரீச்சம்பழம், தண்ணீர், வைத்தியர் சொன்ன மாத்திரை. பிறகு மஃரிப் தொழுகை. திரும்பி வரும்போது மாத்திரைக்கு வேண்டிய அரை மணி நேரமும் ஆகிவிடுகிறது. அதன் பின் ஒரு கோப்பை கஞ்சியும் சிறிது உணவும். தராவீஹ் முடிந்து வந்து பெரிய சாப்பாடு இல்லை. ஸஹரைப் பிற்படுத்தி, அளவோடு சாப்பிட்டு, ஸுபஹ் தொழுத பின் படுக்காமல் இருக்கிறேன். ஸஹரோடு சோற்றைச் சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பதுதான் நோன்பில் அதிகமானோர் மூச்சு முட்டி எழும்பக் காரணம்.

இன்ஹேலர் நோன்பை முறிக்குமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நோயாளிக்கு நோன்பைப் பிற்படுத்தும் சலுகையைக் குர்ஆனே கொடுத்திருக்கிறது. எனவே எதுவும் கேட்காமல் பகலில் இன்ஹேலரை நிறுத்திவிடுவதுதான் பிழையான வழி. நோன்புக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே கிளினிக் கொப்பியோடு வைத்தியரிடம் போய், எந்த மருந்தை ஸஹருக்கும் எதை நோன்பு திறந்த பின்னரும் மாற்றலாம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் துண்டோடு ஆலிமிடம் போனால் அவருக்கும் பதில் சொல்வது இலகுவாக இருக்கும்.